புங்குடுதீவு தோற்கும்

அத்தியாயம் பதினேழு

பிரியவதனிக்கு ஒருவழியாகக் கலியாணம் பொருந்திவிட்டது என்று போன வாரம் நிம்மதியாகப் பத்திரிகையை மடித்து வைத்தவர்கள் தயவுசெய்து மறுபடியும் விரித்துக்கொள்ளுங்கள். அந்த நிம்மதி வெள்ளிக்கிழமை காலை எட்டே கால் மணி வரைக்கும்தான் இருந்தது.

புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கரம்பொன் நீலகண்டனுக்கும் விமலாம்பிகைக்கும் ஒரே மகள் பிரியவதனி. வயது முப்பத்தொன்று, வேலணையில் அரசாங்க உத்தியோகம். நாலு கலியாணப் பேச்சுக்கால் வந்து நாலும் குழம்பிப்போயின. ஐந்தாவதாக வந்தவன்தான் புங்குடுதீவுச் சறோஜினிதேவியின் மகன் நிலக்ஷன். லண்டன் மாப்பிள்ளை. மூன்று மாதம் போனில் கதைத்த பிறகு ஒருநாள், “எனக்கு இவர் சரி அம்மா” என்று பிரியவதனி தன் வாயால் சொன்னாள். மகளிடமிருந்து இப்படி ஒரு சொல்லை விமலாம்பிகை அதற்கு முன் கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கரம்பொன் வீட்டில் சம்பந்தக் கலப்பு, இரண்டு வீட்டாரும் கூடிக் கலியாணத்தை நிச்சயிக்கும் நாள். மாப்பிள்ளையும் தாயும் லண்டனிலிருந்து வந்து புங்குடுதீவு வீட்டில் இறங்கி இரண்டு நாளாகிறது.

இனி விமலாம்பிகையின் பைத்தியம்.

ஐந்து வருடத்துக்கு முன் கால் முறிந்து ஆறு வாரம் கட்டிலில் கிடந்தபோது, வேறு ஒன்றும் ஓடாத தொலைக்காட்சியில் இங்கிலாந்துக் கால்பந்து பார்க்கத் தொடங்கினாள். கால் சுகமாகிவிட்டது. பந்து சுகமாகவில்லை. கனடாவில் இருக்கும் தம்பி வேதநாதன் ‘கரம்பொன் களம்’ என்று ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினான். வெள்ளிக்கிழமை தோறும் அந்த வாரத்துப் பத்து ஆட்டங்களுக்கும் விமலாம்பிகை குரலில் பலன் வரும். ‘கிழமைப் பலன்’ என்றே அதற்குப் பெயர். பத்தில் ஏழு பலிக்கும். தொறொன்ரோவிலும் பாரிசிலும் அதைக் கேட்காமல் சனிக்கிழமை விடிவதில்லை என்று வேதநாதன் சொல்வான். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான்.

ஆங்கிலக் கழகங்களின் பெயர் அவள் வாயில் நுழையாது. அதனால் இருபது கழகத்துக்கும் தீவுப்பகுதி ஊர்ப்பெயர் வைத்துவிட்டாள். தனக்குப் பிடித்த அணி கரம்பொன். நீலச்சட்டைக்காரர் மண்டைதீவு. கண்மண் தெரியாமல் ஓடுகிறவர்கள் நெடுந்தீவு. ஒரு காலத்தில் கிண்ணம் கிண்ணமாக அடுக்கி, இப்போது பெருமையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் பழைய கழகம் ஒன்றுக்குப் புங்குடுதீவு என்று பெயர். இதெல்லாம் நிலக்ஷனின் சாதகம் வீட்டுக்கு வருவதற்கு வெகு முந்திய சமாசாரம்.

கலியாணப் பேச்சுத் தொடங்கியதும் மகளுக்கு அவள் ஒரு கட்டளை போட்டிருந்தாள்.

“எல்லாம் முடியுமட்டும் பந்துக் கதை எடுக்காதை. தாய்க்காரி பந்துப் பைத்தியம் எண்டு நினைப்பினம்.”

ஆக, மாப்பிள்ளை வீட்டாருக்கு இது ஒன்றுமே தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை விமலாம்பிகை குசினியில் சம்பந்தக் கலப்புக்குச் சீனி அரியதரப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கையில் எண்ணெய்க் கரண்டி, மறு கையில் போன், மூக்குக்கண்ணாடி அறைக்குள். ‘கரம்பொன் க’ என்று தொடங்கிய குழுவை அமத்தி நாலு நிமிடம் பேசி அனுப்பிவிட்டாள்.

போனில் ‘கரம்பொன் க’ என்று தொடங்கும் குழுக்கள் இரண்டு இருந்தன. ஒன்று ‘கரம்பொன் களம்’. மற்றது, சம்பந்தம் பேசிவைத்த ஒன்றுவிட்ட தங்கை ஞானசவுந்தரி போன வாரம்தான் தொடங்கிய ‘கரம்பொன் கலியாணம்’.

எட்டு ஐம்பதுக்குப் போன் அடித்தது.

“விமலாக்கா!” ஞானசவுந்தரிதான். “உங்களுக்கு என்ன விசரே?”

“ஏன்ரி, என்ன நடந்தது?”

“என்ன நடந்ததோ? கலியாணக் குறூப்பிலை என்ன கதை கதைச்சு வைச்சிருக்கிறியள்? ஒரு நிமிசம் கேட்டன். பேந்து கேக்க எனக்கு மனம் வரேல்லை. சறோஜினியக்காவும் கேட்டிட்டா. நிலக்ஷனும் கேட்டிட்டார். ரெண்டு பேரும் குறூப்பை விட்டு வெளிக்கிட்டினம்!”

விமலாம்பிகைக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் கரண்டி கையிலிருந்து நழுவி எண்ணெய்க்குள் விழுந்தது. அடுப்பை நிறுத்தக்கூடத் தோன்றாமல் அறைக்கு ஓடிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்தாள். கலியாணக் குழுதான். தன் குரல்தான். நாலு நிமிடம் பதினொரு வினாடி.

அழித்துவிட்டால் சரி என்று நினைத்தாள். பதட்டத்தில் விரல் தொட்டது ‘எனக்கு மட்டும் அழி’ என்பதை. அவள் போனில் அது இல்லாமல் போனது. மற்ற எல்லோர் போனிலும் பத்திரமாக இருந்தது.

“இஞ்சாருங்கோ!” என்று அலறினாள்.

வளவுக்குள் கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்த நீலகண்டன் துணியோடு ஓடிவந்தார். கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் ஆறுதலாகக் கேட்கும் மனிதர். அன்றைக்கு மட்டும் அது அவருக்கு முடியவில்லை. ஞானசவுந்தரி அந்தக் குரல்பதிவை அவருடைய போனுக்கு அனுப்பிவைக்க, இருவரும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டார்கள்.

விமலாம்பிகையின் குரல் உற்சாகமாகத் தொடங்கியது.

“எல்லாருக்கும் வணக்கம். முதல் புங்குடுதீவின்ரை கதையை முடிச்சுப்போட்டு மற்றவைக்கு வாறன். இந்தப் புங்குடுதீவை நம்பி ஒருத்தரும் இறங்காதேங்கோ. பழைய பேரை வைச்சுக்கொண்டு எத்தினை நாளைக்கு ஓட்டுறது? பேர்தான் பெரிசு, உள்ளுக்கை ஒண்டுமில்லை. பின்னுக்கு நிக்கிற கிழடுகளுக்கு அசைய ஏலாது, முன்னுக்கு நிக்கிற பெடியனுக்கு மூளை இல்லை. போன வருசம் லண்டனிலை எழுத்து முடிச்சு, ஆறு மாசத்திலை கலைச்சுவிட்ட கதை எல்லாருக்கும் தெரியும்தானே? அதை மறைச்சுக்கொண்டு இப்ப புதுசா ஒண்டைத் தேடித் திரியினம். ஞாயிற்றுக்கிழமை வரட்டும். எங்கடை முத்தத்திலை வைச்சு நல்லாக் குடுத்துத்தான் அனுப்புவம்…”

அதற்குப் பிறகுதான் கரம்பொன் மூன்று, புங்குடுதீவு பூச்சியம். மண்டைதீவு இரண்டு, சரவணை ஒன்று. நெடுந்தீவும் நயினாதீவும் சமன். இப்படிப் பத்து ஆட்டமும் வரிசையாக வந்தது. அந்த இடம் வரைக்கும் யார் பொறுமையாகக் கேட்டிருப்பார்கள்?

நீலகண்டன் போனை மடியில் வைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

“எழுத்து எண்டு ஏனப்பா சொன்னனீர்?”

“பந்து விளையாடுற பெடியனைக் கையெழுத்து வாங்கி எடுக்கிறவைதானே? அதுக்கு நான் எப்பவும் எழுத்து எண்டுதான் சொல்லுறனான்.”

“எழுத்து எண்டால் எங்கடை ஆக்களுக்கு என்ன?”

யாழ்ப்பாணத்தில் எழுத்து என்றால் கலியாணப் பதிவு. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். லண்டன் மாப்பிள்ளை ஒருத்தியைப் பதிவு செய்து, ஆறு மாதத்தில் துரத்திவிட்டு, அதை மறைத்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று மாப்பிள்ளை வீட்டாருக்கே அவள் குரலில் சொல்லியிருக்கிறாள்.

“ஐயோ, என்ரை பிள்ளை!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். எண்ணெய் கருகும் மணம் வீடெல்லாம் பரவிய பிறகுதான் நீலகண்டன் எழுந்து போய் அடுப்பை அணைத்தார்.

ஒன்பதரைக்குப் பிரியவதனி, வேலை செய்யும் கந்தோரிலிருந்து போன் எடுத்தாள். அவளும் அந்தக் குழுவில் இருந்தாள். எடுத்ததுமே சிரிப்பு.

“அம்மா, பலனைக் கொண்டுபோய் எங்கை போட்டு வைச்சிருக்கிறியள்? மேசையிலை இருந்து சிரிச்சுச் சிரிச்சு…”

“அவை குறூப்பை விட்டுப் போட்டினம் பிள்ளை.”

சிரிப்பு நின்றது. அவள் குழுவைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. இப்போது பார்த்தாள். ‘சறோஜினிதேவி வெளியேறினார்.’ ‘நிலக்ஷன் வெளியேறினார்.’ பன்னிரண்டு நிமிட இடைவெளி. தாய் போனது கோபம் என்று விளங்கிக்கொள்ளலாம். அவனும் போயிருக்கிறான், ஒரு வார்த்தை கேட்காமல்.

நிலக்ஷனுக்கு எடுத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இன்னொருமுறை எடுத்தாள். வெட்டப்பட்டது. ‘அது பந்துக் கதை, நேரிலை விளங்கப்படுத்துறன்’ என்று எழுதி அனுப்பினாள். ஒற்றைச் சரி விழுந்தது. இரண்டாவது விழவே இல்லை. அவன் போனை நிறுத்திவிட்டான்.

மூன்று மாதத்தில் அவன் ஒருநாளும் அவளுக்குப் பதில் போடாமல் இருந்ததில்லை. சோறு அடிப்பிடித்த பானையைக்கூட வீடியோவில் காட்டியவன். பிரியவதனி அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் தாய்க்கு எடுத்தாள்.

“நேரிலை போவம் அம்மா. ஓட்டோ பிடிச்சு வாங்கோ, நான் வேலணைச் சந்தியிலை ஏறுறன்.”

“போய் என்னெண்டு சொல்லுறது?”

“உள்ளதைச் சொல்லுவம். பந்து எண்டு சொல்லுவம். சிரிப்பினம்.”

“சிரிக்காட்டி?”

“காலிலை விழுங்கோ,” என்றாள் மகள். பகிடியாகச் சொல்லத்தான் நினைத்தாள். குரல் அப்படி வரவில்லை.

மண்டைதீவு யாக்கோப்பின் ஓட்டோ பதினொன்றரைக்கு வந்தது. யாக்கோப்பும் பலன் கேட்கிறவர்தான். ஏறியதுமே தொடங்கிவிட்டார்.

“அக்கா, இந்தக் கிழமை பலன் இன்னும் வரேல்லை எண்டு பாரிசிலையிருந்து மச்சான் கேக்கிறான். எங்கடை மண்டைதீவு வெல்லுமோ?”

“யாக்கோப்பு, கும்பிட்டன். ரோட்டைப் பாத்து ஓட்டும்,” என்றார் நீலகண்டன்.

வேலணைச் சந்தியில் பிரியவதனி ஏறினாள். தாம்போதிப் பாதையில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல், நல்ல வெயில். விமலாம்பிகை மடியில் ஒரு டப்பா நிறைய அரியதரத்தை வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். அக்கா, என்னை மன்னிக்க வேணும். அது உங்களைச் சொன்னதில்லை. இங்கிலாந்திலை ஒரு பந்துக் கழகம் இருக்கு… அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஐம்பத்தேழு வயதில் பந்துக்காக மகளின் வாழ்க்கையைக் குழப்பிவிட்டவள் என்று நாளைக்கு ஊர் முழுக்கச் சொல்லும். சொன்னால் சொல்லட்டும், பிள்ளையின் காரியம் சரிவந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

புங்குடுதீவில் பூட்டிக்கிடந்த வீடுகள் பலவற்றைத் தாண்டி, புதிதாக வெள்ளை அடித்த சறோஜினிதேவியின் வீட்டின் முன்னால் ஓட்டோ நின்றது. கேற் சாத்தியிருந்தது. நீலகண்டன் தட்டினார். யாரும் வரவில்லை. மறுபடியும் தட்டினார்.

கதவு திறந்தது. சறோஜினிதேவி வெளியே வந்து, கேற்றைத் திறந்து மூவரையும் விறாந்தைக்குள் விட்டாள். லண்டனில் முப்பது வருடம் இருந்தவள், எப்போதும் நிமிர்ந்து நடப்பவள். அன்றைக்கு அவள் கண் வீங்கியிருந்தது.

கோபமாகத் திட்டுவாள் என்று எதிர்பார்த்து வந்த விமலாம்பிகை, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, “அக்கா, நான் கதைச்சது…” என்று தொடங்கினாள்.

“உங்களுக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டாள் சறோஜினிதேவி.

கூப்பிய கை அப்படியே நின்றது.

“வேதநாதன் விசாரிச்சவரோ? கனடாவிலை இருந்து ஆர் சொன்னவை? ஒரு குருவிக்கும் தெரியாமல் வைச்சிருந்தனாங்கள். ஆனா விமலா, அப்பிடிக் குறூப்பிலை போட்டு அவமானப்படுத்தியிருக்க வேண்டாம். எழுத்து மட்டும்தான் நடந்தது. தாலி ஏறேல்லை. தாலி ஏறாட்டி அதை ஆரும் கலியாணம் எண்டு சொல்லுவினமே?”

விமலாம்பிகை கணவனைப் பார்த்தாள். கணவர் மகளைப் பார்த்தார். விமலாம்பிகைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தான் சொன்னது பந்து. வாயில் வந்த ஊர்ப்பெயர். அது எப்படி ஒரு மனுசனின் வீட்டுக்குள் நுழைந்து அலுமாரியைத் திறந்தது?

“அக்கா, எனக்கு… நான் சொன்னது வந்து…”

பிரியவதனி தாயின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“அம்மா, நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ.”

அப்போதுதான் நிலக்ஷன் அறையிலிருந்து வெளியே வந்தான். போனில் மட்டும் பார்த்த முகம். நேரில் இன்னும் கொஞ்சம் ஒல்லியாக, நித்திரை இல்லாத கண்ணோடு நின்றான். இருவரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை இந்த நேரத்துக்காகப் பிரியவதனி மயில்நீலத்தில் ஒரு சேலை எடுத்து வைத்திருந்தாள். இப்போது கந்தோர் உடுப்போடு, வியர்த்த முகத்தோடு நின்றாள்.

“அம்மா சொன்னது சரியோ?” என்று கேட்டாள். எந்த அம்மா என்று சொல்லவில்லை.

“ஆறு மாசமில்லை,” என்றான் அவன் நிலத்தைப் பார்த்தபடி. “ஏழு.”

நீலகண்டன் விறாந்தைக் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

“எனக்கு எப்ப சொல்ல இருந்தனீங்கள்?”

“சொல்லத்தான் இருந்தனான். கலியாணம் முடிஞ்சு லண்டனுக்கு வந்தாப் பிறகு ஆறுதலாச் சொல்லுவம் எண்டு அம்மா…”

“நான் உங்களைத்தான் கேக்கிறன்.”

“பயந்து போனன் பிரியா. நீர் வேண்டாம் எண்டு போடுவீர் எண்டு பயம்.”

அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. பிரியவதனிக்கு அவன் மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கம் வந்ததே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. கந்தோரில் ஒரு நாளைக்கு நூறு பத்திரம் பார்க்கிறவள் அவள்.

“அந்த எழுத்து ரத்தாகிட்டுதோ?”

நிலக்ஷன் தாயைப் பார்த்தான்.

“அவவைப் பாக்காதேங்கோ. சொல்லுங்கோ.”

“பேப்பர் போட்டிருக்கு,” என்றான். “அவ இன்னும் சைன் வைக்கேல்லை.”

“ஐயோ!” என்றாள் விமலாம்பிகை. டப்பா கையிலிருந்து விழுந்து, அரியதரம் வெள்ளை மாபிளெங்கும் உருண்டது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. இன்னும் இன்னொருத்தியின் புருசனாக இருக்கிறவனை அல்லவா ஞாயிற்றுக்கிழமை ஆலாத்தி எடுத்து வரவேற்க இருந்தாள்!

“வைப்பாள்,” என்று சறோஜினிதேவி அவசரமாகச் சொன்னாள். “வக்கீல் சொல்லிப்போட்டார், ரெண்டு மாசத்திலை எல்லாம் முடிஞ்சிடும். அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் மனநிலை சரியில்லை. அதாலைதான் இவ்வளவு இழுபாடு.”

மனநிலை என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் பிரியவதனி நிமிர்ந்தாள்.

“அவவின்ரை பேர் என்ன?”

“கஜாலினி,” என்றான் நிலக்ஷன்.

“நம்பரைத் தாங்கோ.”

“தம்பி, குடாதை!” என்றாள் சறோஜினிதேவி.

நிலக்ஷன் தாயையும் பிரியவதனியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு நிறுத்தி வைத்திருந்த போனைத் திரும்பப் போட்டு ஒவ்வொரு இலக்கமாக வாசித்தான். அவன் வாசிக்க வாசிக்க அவள் அமத்தினாள். நீலகண்டன், “பிள்ளை, வீட்டை போய் ஆறுதலா…” என்றார். அவள் கேட்கவில்லை. லண்டனில் அப்போது காலை எட்டு மணி. நாலாவது தடவை மணி அடித்தபோது எடுபட்டது.

“ஹலோ?” ஒரு பெண் குரல். தெளிவான, வேலைக்கு வெளிக்கிடும் அவசரம் உள்ள குரல்.

“கஜாலினியோ?”

“ஓம். ஆர் கதைக்கிறது?”

“நான் பிரியவதனி. கரம்பொனிலை இருந்து எடுக்கிறன்.”

மறுமுனையில் ஏதோ கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு நீண்ட மூச்சு.

“கடவுளே. ரெண்டு மாசமா உங்கடை நம்பரைத்தான் ஒவ்வொருத்தரிட்டையும் கேட்டுக்கொண்டிருக்கிறன். ஒருத்தரும் தரேல்லை.” குரல் சட்டென்று தணிந்தது. “முதல் ஒண்டு சொல்லுங்கோ அக்கா. நிலக்ஷன் உங்களுக்குப் பக்கத்திலை நிக்கிறாரோ?”

பிரியவதனி அவனைப் பார்த்தாள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றான். அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

“இல்லை,” என்றாள்.

போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கேற்றைத் திறந்து வெளியே ரோட்டுக்கு நடந்தாள்.